தரவை மீண்டது: துணை நின்றவர்களுக்கு நன்றி

எங்கள் ஊர்ப் பொது மேய்ச்சல் நிலமான தரவையில் கொழுக்கட்டைப் புல் தலைதூக்கிவிட்டது. சீமைக்கருவேலம் மூடிக்கிடந்த இடத்தில் ஆடுமாடுகள் மேய்கின்றன. இந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும்.

முதலில், தஞ்சைப் பக்கம் கிடை போட்டுவிட்டு (வயலுக்கு எருவாக ஆடுகளை அடைத்துவைப்பது) ராமநாதபுரம் திரும்பிய கீதாரி ஐயாவுக்கு, அதாவது ஆட்டு மந்தையின் தலைவருக்கு. வழியெல்லாம் அவருடைய ஆடுகள் கருவ நெத்து, அதாவது சீமைக்கருவேலங்காய், தின்றிருந்தன. நெத்தின் சதை செரிக்கும், கொட்டை செரிக்காது. பல்லுக்குத் தப்பிய கொட்டை குடலில் தோல் இளகி, புழுக்கையோடு விழுந்து, மழை பட்டதும் முளைத்துவிடும். வயிறு சுத்தமாக ஒரு வாரம் போல ஆகும். யாரும் கேட்காமலே அவர் கிடையைத் தரவைப் பக்கம் விடாமல், உழவுக்குக் காத்திருந்த புஞ்சையில் 8 நாள் மறித்துவைத்தார். அங்கே முளைப்பது ஏரில் மடிந்துவிடும், தரவையில் ஏர் ஓடாது. மறித்த ஆட்டுக்கு வேப்பங்குழையும் கடலைக்கொடியும் தேடிப் போடுவது எவ்வளவு பாடு என்று ஆடு வளர்ப்பவர்களுக்குத் தெரியும். கிடைக்கூலிகூட அவர் வாங்கவில்லை. வெட்டிய காடு மறுபடி முளைக்காமல் காத்தது அந்த மனசுதான்.

தரையோடு வழித்துத் தள்ளாமல், தூரை ஓரடி ஆழம் தோண்டி எடுத்த பொக்லைன் ஓட்டுநருக்கு நன்றி. மண்ணுக்கடியில் தூர் தங்கினால் ஒன்றுக்கு நாலாகத் துளிர்த்திருக்கும். விறகை அவ்வப்போது ஏற்றிப்போன கரிமூட்டக்காரர்களுக்கும், புது விதை முளைக்காமல் உறங்கும் என்று போன வருஷத்துப் புல்விதையாகப் பார்த்து வாங்கி, ஈரமணலில் பிசறித் தூவிய பெண்களுக்கும் நன்றி.

மண்ணில் கிடக்கும் கொட்டை பல வருஷம் சாகாது. ஒவ்வொரு மழைக்கும் ஈரம் காய்வதற்குள் விரலுயரக் கன்றுகளை வேரோடு பிடுங்குவோம். ஆணிவேர் இறங்கிவிட்டால் கைக்கு வராது. ஆட்டைவிட மாடு குறைவாகவே மெல்லும், அதனால் கொட்டையை அதிகம் பரப்புவதும் அதுதான். நெத்து தின்ற மாட்டை ஒரு வாரம் தொழுவில் கட்டிவைத்த பிறகே தரவைக்கு ஓட்டுவோம். அந்தச் சாணம் குப்பைக்குழியில் சூடேறி நன்றாக மக்கும்வரை வெளியே போகாது.

கீதாரி ஐயா, அடுத்த முறை நீங்கள் கிடை மறிக்கும் நாட்களுக்குத் தீனியும் தண்ணீரும் ஊர்ப் பொறுப்பு.