மல்லிகாவுக்கு, ஹூஸ்டனிலிருந்து

அன்புள்ள மல்லிகா,

மெசேஜுக்கெல்லாம் பதில் இல்லையென்று திட்டியிருப்பாய். திட்டு. அம்மாவுக்குக் கால்வலி தேவலை, சின்னவன் காலேஜ் போய்விட்டான். போதுமா?

உன் அண்ணன் பையனைச் சோதனை மருந்துக்குக் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். நான் இப்போது அந்த வேலையில்தான் இருக்கிறேன். லுக்கீமியா, லிம்போமா மாதிரி ரத்தப் புற்றுநோய் திரும்ப வந்தவர்களுக்குப் புது மருந்தின் முதல் கட்டச் சோதனை. கீமோ எல்லாம் பார்த்து முடித்தவர்கள்தான் வருவார்கள்.

ஒன்றைப் புரிந்துகொள். முதல் கட்டத்தில் பெரிய கேள்வி, எவ்வளவு மருந்தை உடம்பு தாங்கும் என்பது. நோய் குறைகிறதா என்று பார்ப்போம்தான், ஆனால் அது அடுத்தது. பெரும்பாலும் முதல் மூன்று பேருக்கு ரொம்பக் குறைந்த டோஸ். தாங்கினால் அடுத்த மூவருக்குக் கூட்டுவோம். ஒருவருக்குக் கடுமையாக ஏதாவது வந்தால் அதே அளவில் இன்னும் மூவர். இரண்டு பேருக்கு வந்தால் அதற்கு மேல் ஏற்ற மாட்டோம்.

போன மாதம் ஒரு பெரியவர் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடாமலே கேட்டார்: "என்னுடையது சின்ன அளவுதானே?" ஆமாம் என்றேன். "அப்போ எனக்காக இல்லை, பின்னால் வருகிறவனுக்காக." படிவத்தில் அது இருக்கிறது, எங்கோ கடைசிப் பக்கங்களில். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டால் என்ன கேடு? எனக்கு அதுதான் ஆத்திரம்.

டாக்டரிடம் பொருமினேன். அவர் நெலராபைன் என்ற மருந்தின் கதையை எடுத்தார். 1975ல் ஒரு என்சைம் இல்லாமல் பிறந்த குழந்தைக்கு டி-செல்கள் என்ற ஒருவகை வெள்ளை அணுக்கள் மட்டும் குறைந்திருந்ததைக் கண்டார்கள். அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு, டி-செல்களில் வரும் புற்றுநோய்க்கு வந்த மருந்து அது. முதல் கட்டத்தில் 93 பேர். டோஸ் ஏற ஏற நரம்பைத் தாக்கியது. தூங்கி வழிந்தார்கள், கைகால் மரத்தது. கடைசியில் ஒரு நாளைக்குக் கிலோவுக்குக் குழந்தைகளுக்கு 60 மில்லிகிராம், பெரியவர்களுக்கு 40 என்று எல்லை தெரிந்தது. டி-செல் லுக்கீமியாக்காரர்களில் பாதிக்கு மேல் பலன். 2005ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முதல் கட்டத்திலேயே பலன் காட்டும் மருந்தும் உண்டு என்கிறார். சரிதான். நம் மேட்ரனிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

அதனால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்டி. அண்ணனை மூன்று கேள்வி கேட்கச் சொல்: பையன் எந்த டோஸ் படியில் சேர்கிறான், அதற்குக் கீழ்ப்படியில் இருந்தவர்களுக்கு என்ன ஆனது, பிடிக்காவிட்டால் நடுவில் விலகி வேறு சிகிச்சைக்குப் போகலாமா. அவர்கள் சொல்லும் பதிலை அப்படியே எழுதி அனுப்பு. ராத்திரி எத்தனை மணியானாலும் போன் பண்ணு.

உன்
புஷ்பா