அந்த மாத்திரை வேண்டாம், கண்ணு

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மாயிக்கு ஞாபகம் நிக்கணும்னு வாங்கி வச்சிருக்கிற வைட்டமின் ஈ மாத்திரையை அனுப்பாதே. அவங்க ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறாங்க. அதோட இதையும் அதிகமாச் சேத்தா ரத்தக்கசிவு வரலாம். டாக்டரைக் கேக்காம ஒண்ணும் கொடுக்கமாட்டேன்.

வைட்டமின் ஈ மாதிரிச் சத்து மூளையைக் காக்கும்னு நீ படிச்சது முழுப் பொய்யில்லை. மூளை உடம்பு எடையில 2 சதவீதம்தான்; ஆனா உடம்பு செலவழிக்கிற ஆக்சிஜன்ல 20 சதவீதம் அதுக்கே போகுது. அந்த எரிப்புல உண்டாகிற கழிவு வயசாக ஆக நரம்புச் செல்லை அரிக்குது. அதை அடக்கற சத்துதான் வைட்டமின் ஈயும், பழம், கீரையில இருக்கிறதும். 1999ல பாஸ்டன்ல ஜேம்ஸ் ஜோசப்ங்கிற ஆராய்ச்சியாளரோட குழு, 19 மாசக் கிழட்டு எலிகளுக்கு 8 வாரம் ப்ளூபெர்ரி, ஸ்ட்ராபெர்ரி, பாலக்கீரைன்னு ஒவ்வொரு கூட்டத்துக்கு ஒரு சாறைத் தீனியில கலந்து கொடுத்தாங்க. ஞாபகசக்திச் சோதனைகள்ல அதுங்க சாதாரணத் தீனி தின்ன எலிகளை விட நல்லாச் செஞ்சுது.

ஆனா எனக்கு மனசுல நிக்கிறது நாய்களோட கதைதான். நீ இருக்கிற டொராண்டோ பல்கலைக்கழகத்து நார்டன் மில்கிராமும் அவரோட சேந்தவங்களும் கிழட்டு பீகிள் நாய்களை 4 கூட்டமாப் பிரிச்சு 2 வருஷம் பாத்தாங்க. ஒரு கூட்டத்துக்கு வைட்டமின் ஈ, சி, கேரட், தக்காளி, பாலக்கீரை எல்லாம் சேத்த தீனி. இன்னொண்ணுக்குத் துணைக்கு ஒரு நாய், நடை, விளையாட்டுச் சாமான், மூளைக்கு வேலை. மூணாவதுக்கு ரெண்டும். நாலாவதுக்கு ரெண்டுமில்லை. ரெண்டும் கிடைச்ச நாய்கள்தான் புதுசா ஒண்ணைக் கத்துக்கிறதுல முந்திச்சு. 2005ல அது வெளிவந்துச்சு. அதே வருஷம் வந்த இன்னொரு ஆராய்ச்சியில, லேசா மறதி வந்த மனுசங்களுக்கு 3 வருஷம் வைட்டமின் ஈ மாத்திரை கொடுத்துப் பாத்தும் அல்சைமர்ங்கிற மறதி நோய் வர்றதை அது தடுக்கலை.

தீனிக்கு இங்க குறையில்லை. வீட்டு முருங்கை இருக்கு, நெல்லிக்காய் இருக்கு, ஓடையோரத்து வல்லாரையை அடுத்த வீட்டுச் சேச்சி பறிச்சுத் தர்றாங்க. அம்மாயிதான் கீரை உருவறாங்க. காம்பை நுனியில புடிச்சு ஒரே இழுப்பு, இலை மடியில கொட்டும். காலையில மாத்திரை போட்டோமாங்கிறது மறந்துபோகும். எந்த மரத்துக் கீரை கசக்கும்னு மறக்காது. கையில வேலை இருக்கிறப்போ பேச்சும் தெளிவா வருது.

அவங்களுக்கு இல்லாதது பேச்சுத்துணைதான் கண்ணு. காது மந்தமானதுல இருந்து யார் பேசினாலும் சும்மா தலையாட்டிட்டு உள்ளே போயிடறாங்க. காது கேக்காமப் போறதும் மறதி நோய் வர்ற ஆபத்தைக் கூட்டுதுன்னு லான்செட்ங்கிற மருத்துவ இதழ் அமைச்ச நிபுணர் குழுவே எழுதியிருக்கு. மாத்திரைக்கு வச்சிருக்கிற பணத்தைக் காது மெஷினுக்கு அனுப்பு. அடுத்த வாரம் பாலக்காட்டுல காது டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன்.

மெஷின் வந்ததும் தினமும் கூப்பிடு. "நல்லா இருக்கீங்களா"ன்னு கேட்டு வச்சிடாதே. கீரைக் குழம்புக்குப் பக்குவம் கேளு, அங்க செஞ்சு பாத்துட்டு மறுநாள் எப்படி வந்துச்சுன்னு சொல்லு.

அன்புடன்,
அம்மா