வாசலில் உட்கார்ந்து எண்ணலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்காலத்தில் குகைக்குள் உறங்கும் வௌவால்களைத் தன்னார்வலர்கள் எண்ணுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் கடைசியில், நம் ஊர்ப் பாழடைந்த கட்டடங்களிலும் வாசகர்கள் இதைச் செய்து பார்க்கலாம் என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நாங்கள் செய்து பார்த்துவிட்டோம்.

எங்கள் ஊருக்கு வெளியே, கடற்கரைக்குப் போகிற வழியில், கூரை பாதி சரிந்த பழைய கிட்டங்கி, அதாவது சரக்குக் கிடங்கு, ஒன்று இருக்கிறது. போன வருடம் சித்திரைக் கடைசியில் நானும் மூன்று கல்லூரிப் பையன்களும் டார்ச் லைட்டோடு உள்ளே போனோம். சக்கரக்கோட்டைக் கண்மாயில் வனத்துறையோடு சேர்ந்து பறவைக் கணக்கெடுத்துவிட்டு வந்த தெம்பு. நாரையை எண்ணியவனுக்கு வௌவால் எம்மாத்திரம் என்ற நினைப்பு. வெளிச்சம் உத்தரத்தில் பட்டதுதான் தாமதம், மொத்தக் கூட்டமும் கலைந்து எங்கள் தலைக்கு மேலேயே சுற்றியது. எச்ச வாடை தொண்டையைப் பிடித்தது. எங்கே எண்ணுவது? வெளியே ஓடிவரத்தான் நேரம் இருந்தது.

திரும்பிப் பார்த்தபோது வாசலுக்குப் பக்கத்தில், ஓட்டுச் சில்லுகளுக்கு நடுவே ஒரு குட்டி கிடந்தது. கட்டைவிரல் நீளம். உடம்பில் மயிர் முளைக்கவில்லை. வயிற்றுத் தோல் வழியே குடித்த பால் வெள்ளையாகத் தெரிந்தது. தாய் வந்து எடுத்துக்கொள்ளும் என்று தள்ளி நின்றோம். இருட்டும்வரை வரவில்லை.

குளிர் நாட்டுக் கதை வேறு. அங்கே பனிக்காலத்தில் பூச்சி கிடைக்காது. வௌவால் தன் உடம்புச் சூட்டைக் குகையின் குளிர் அளவுக்கு இறக்கிக்கொண்டு தொங்கிவிடும். பறக்கும்போது நிமிடத்துக்குப் பல நூறு தடவை துடிக்கிற இதயம் பத்து இருபதுக்கு இறங்கிவிடும். அதனால்தான் உள்ளே போய் எண்ண முடிகிறது. அதற்கும் ஒரு விலை உண்டு. ஒவ்வொரு தடவை விழிக்கும்போதும் சேர்த்து வைத்த கொழுப்பு கரைகிறது. 2006இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் முதலில் தெரியவந்த வெண்மூக்கு நோயும் அப்படித்தான் கொல்கிறது. பூஞ்சை தொற்றிய வௌவால் அடிக்கடி விழித்து, பனி முடிவதற்குள் பட்டினியால் சாகிறது. லட்சக்கணக்கில் போயிற்று. குகைக்குள் போகிறவர்கள் காலணியைக்கூட மருந்து போட்டுக் கழுவுவது அதனால்தான்.

இராமநாதபுரம் வெயிலில் எந்த வௌவால் அப்படி மாதக்கணக்கில் உறங்கும்? பகலில் கண் அயர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

எங்களுக்குப் புத்தி சொன்னவர் ஒரு பனையேறி. "உள்ள போயி எதுக்குப் போஸ்ட்மேன் அண்ணே எண்ணுறிய? பொழுது சாஞ்சா அதுகளே வெளிய வரும்ல?" என்றார். பனையில் காய்ந்து தொங்குகிற காவோலைக்குள்ளும் சின்ன வௌவால் அடையும், ஓலை கழிக்கும்போது விர்ரென்று பறக்கும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும்.

அது வெளியே வருகிற நேரத்தையும் நம்பலாம். மதுரைப் பக்கம் ஒரு குகையில் விலங்கியல் ஆய்வாளர் எம்.கே. சந்திரசேகரனும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு 1981இல் வெளிவந்தது. வெளிச்சமே எட்டாத ஆழத்தில் கூண்டில் அடைத்த வௌவால்கள்கூட, மற்றவை பறந்து போய் வருவதை வைத்தே பொழுதைச் சரியாகக் கணித்தன. வேறு வௌவால் இல்லாத குகையில் தனியே விட்டால் கணக்குப் பிசகியது. நம் பக்கத்திலேயே நடந்த இந்த வேலையை விட்டுவிட்டு வெளிநாட்டுக் குகைக்குப் போய்விட்டீர்களே என்று கொஞ்சம் வருத்தம்தான்.

அப்புறம் நாங்கள் உள்ளே போவதில்லை. கிட்டங்கிக்கு இரண்டு ஜன்னல், ஒரு வாசல். வெளியே வருகிற வௌவாலுக்குப் பின்னால் மேற்கு வானம் தெரிகிற மாதிரி வழிக்கு இருவராகத் தரையில் உட்காருவோம். டார்ச் கிடையாது, பேச்சு கிடையாது. பத்து வௌவாலுக்கு ஒரு புளியங்கொட்டையை மடியிலிருந்து எடுத்துக் கீழே போட வேண்டும். ஒரே ஜன்னலை எண்ணிய இருவருக்கும் கணக்கு ஒத்துவந்ததே இல்லை. சரி, இரண்டையும் தேதி போட்டு எழுதி வைக்கிறோம்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் பழந்தின்னி வௌவாலைக் காக்கை, எலியோடு தொல்லைப் பிராணியாகத்தான் வைத்திருந்தது. 2022இல் வந்த திருத்தம் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது. ஊர்க்காரர்கள் மனதிலிருந்து இன்னும் எடுபடவில்லை. 2018இல் கேரளாவில் நிபா வந்ததிலிருந்து பயமும் சேர்ந்துகொண்டது. வௌவாலைத் தொடாதே, அது கடித்த பழத்தைத் தின்னாதே என்று சொல்வது நியாயம். அதற்காக அது அடைகிற மரத்தை வெட்டுவானேன்?

பறவைக் கணக்கெடுப்புக்குக் கண்மாய்க்கு வருகிறவர்கள் அன்று சாயங்காலம் ஒரு மணி நேரம் கூடுதலாக இருந்தால் வௌவாலையும் எண்ணிவிடலாம். வனத்துறைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். நீங்கள் அந்தக் கடைசி வரியை மட்டும் அடுத்த இதழில் திருத்திப் போடுங்கள். பள்ளிக்கூட லீவு வருகிறது, பையன்கள் டார்ச்சைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர்,
தொண்டி.