மருதாணி ரகத்தை எடை போட்டுத் தேர்வு செய்யலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மானாவாரிக்கு ஏற்ற மருதாணி ரகங்கள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த ரகம் ஏக்கருக்கு எவ்வளவு காய்ந்த இலை கொடுத்தது என்று வரிசை போட்டிருக்கிறார்கள், சரி. ஆனால் மருதாணியைத் தழைக்காகவா வளர்க்கிறோம்? இலையில் இருக்கும் லாசோன் என்கிற சாயப்பொருளுக்குத்தானே மதிப்பு, அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே.

ஒரு ரகம் 500 கிலோ இலை தருகிறது, சாயம் 1.2 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடைப்பது 6 கிலோ சாயம். இன்னொன்று 400 கிலோதான், ஆனால் 1.8 சதவீதம் என்றால் 7.2 கிலோ. கட்டுரையின் கணக்குப்படி இந்த இரண்டாவது ரகம் தோற்றுப்போகும்! அதிலும் கொழுந்தில் சாயம் கூடுதல், முற்றிய இலையில் குறைவு என்பதால், எல்லா ரகத்தையும் ஒரே பருவத்தில் அறுத்தார்களா என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். அறுத்துக் காயப்போட்ட தழைமேல் ஒரு மழை விழுந்தால் இலை கறுத்து, தரம் போய்விடும், ஆகவே மழை ஓய்ந்த பிறகு அறுவடைக்கு வருகிற ரகத்துக்குத் தனி மதிப்பெண்ணே கொடுக்கலாம்.

இன்னொன்று, இது நிலக்கடலை மாதிரி ஒரு போகத்தில் முடிகிற பயிர் இல்லை. மழை குறைந்த ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில், சோஜத் பக்கமெல்லாம், ஒருமுறை நட்டால் இருபது வருஷத்துக்கு மேல் அதே செடியிலிருந்து வெட்டி எடுக்கிறார்கள். முதல் வருஷம் வேர் இறங்குவதற்கே சரியாகிவிடும், விளைச்சல் சொற்பம்தான். அதை வைத்து ரகத்தை எப்படி எடைபோடுவது? மழை பொய்த்த ஒரு வருஷத்திலாவது வெட்டிய கட்டை எவ்வளவு துளிர்க்கிறது, எத்தனை செடி பட்டுப்போகிறது, இலை உதிர்கிறதா என்று பார்த்தால்தான் மானாவாரி ரகம் என்று சொல்ல முடியும். தண்ணீர் பாய்ச்சிய திடலில் முந்தி நிற்கும் ரகம் காய்ந்த மண்ணிலும் முந்தும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

கடைசியாக ஒரு கேள்வி. விதை நாற்றா, குச்சி நடவா? மருதாணியில் அயல் மகரந்தச் சேர்க்கை நடப்பதால் விதையில் முளைக்கும் செடிகள் ஒன்றுபோல் இருக்காது, தாய்ச்செடியின் குணம் மாறாமல் வேண்டுமென்றால் குச்சிதான் வழி. கட்டுரையாளர் இதைத் தெளிவுபடுத்தி, சாய அளவையும் அந்தந்த வருஷ மழை அளவையும் அடுத்த இதழில் சேர்த்துப் போட்டால், நடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்