பசுமை ஹைட்ரஜனும் சித்தூர் வட்டத்துத் தண்ணீரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலக்காட்டுக் கணவாயின் காற்றாலை மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் (இப்படி எடுப்பதைத்தான் பசுமை ஹைட்ரஜன் என்கிறார்கள்) எடுத்துச் சேமித்து, வேண்டும்போது மீண்டும் மின்சாரமாக்கிக்கொள்ளலாம் என்று தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. ஆனால் அதில் வீணாகும் மின்சாரம் எவ்வளவு, வேண்டிய தண்ணீர் எங்கிருந்து வரும் என்ற இரண்டையும் கட்டுரை தொடாததால், மின்துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்று இப்போது தென்னை வளர்ப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

1 கிலோ ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து பிரிக்க எலக்ட்ரோலைசர் 50 முதல் 55 யூனிட் மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. அந்த 1 கிலோவை, ஹைட்ரஜனை ஆக்சிஜனுடன் இணைத்து மின்சாரம் தரும் எரிபொருள் மின்கலத்தில் செலுத்தினால் திரும்பக் கிடைப்பது 16 முதல் 20 யூனிட். வாயுவை அழுத்தித் தொட்டியில் அடைக்கும் செலவு தனி. அதாவது போட்டதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் கைக்கு வருகிறது. மிகுதி மின்சாரத்தால் தண்ணீரை மேலேற்றி, வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் நீரேற்று மின் நிலையங்களோ (கோவை மாவட்டத்துக் கடம்பாறையில் உள்ளது போன்றவை) முக்கால் பங்கைத் திருப்பித் தருகின்றன. ஆகவே பகல் மின்சாரத்தை இரவுக்கு வைத்துக்கொள்ள ஹைட்ரஜன் ஏற்ற வழியன்று.

ஒரே கருவி இரண்டு வேலையையும் செய்யும் மீள் எரிபொருள் மின்கலம் வந்தால் இக்குறை தீரும் என்கிறார் கட்டுரையாளர். கருவிச் செலவு குறையலாம், உண்மைதான். ஆனால் தண்ணீரைப் பிரிக்கையில் ஆக்சிஜனை வெளியேற்றச் சிறந்த வினையூக்கி, மின்சாரம் எடுக்கையில் அதை ஹைட்ரஜனுடன் மீண்டும் இணைக்கும்போது அவ்வளவு சிறப்பாக வேலை செய்வதில்லை. சுமார் 700 முதல் 800 டிகிரி செல்சியஸில் இயங்கும் பீங்கான் வகை மின்கலம் இரண்டையும் நன்றாகச் செய்தாலும், அடிக்கடி சூடேறி ஆறினால் அதன் அடுக்குகளில் விரிசல் விழும். ஆடியில் சுழன்றடித்துவிட்டு மார்கழியில் தளரும் நம் காற்றுக்கு அது எவ்வளவு ஈடுகொடுக்கும் என்பது எனக்கு ஐயமே.

தண்ணீர்தான் எனக்குப் பெரிய கவலை. 1 கிலோ ஹைட்ரஜனுக்கு வேதியியல் கணக்கில் 9 லிட்டர்; சுத்திகரிப்பில் கழிவதையும் குளிரூட்டலையும் சேர்த்தால் 20 லிட்டரைத் தாண்டும். மணிக்கு 1,000 யூனிட் எடுக்கும் 1 மெகாவாட் எலக்ட்ரோலைசர் நாள் முழுதும் ஓடினால் ஏறக்குறைய 435 கிலோ வரும்; 9,000 லிட்டர் கொள்ளும் ஒரு டேங்கர் லாரி அதற்கு அன்றாடம் வேண்டும். ஒன்று என்றால் பெரிதில்லை. 100 மெகாவாட் என்றால் நூறு லாரி. பங்குனியில் மோட்டாரைப் போட்டால் சற்று நேரத்தில் குழாய் தண்ணீரை விட்டுக் காற்றை இழுக்கும் ஊரில், தென்னைக்கே தண்ணீரை விலைக்கு வாங்கும் எங்களுக்கு இது சிறிய கணக்கன்று. நிலத்தடி நீரை முன்வைத்து மக்கள் போராடி, 2004-இல் குளிர்பான ஆலை இயக்கம் நின்ற பிளாச்சிமடை எங்கள் சித்தூர் வட்டத்தில்தான் இருக்கிறது.

ஹைட்ரஜனே வேண்டாம் என்பதன்று என் வாதம். கொச்சியின் உர ஆலையும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் இன்று அதை இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கின்றன. காற்றாலை மின்சாரத்தைக் கம்பி வழியே அங்கு அனுப்பி, சுத்திகரித்த கடல்நீரைப் பிரித்து அந்த ஆலைகளுக்கே கொடுத்தால், மறுபடி மின்சாரமாக்கும் இழப்பும் இல்லை, எங்கள் கிணறுகளுக்கும் கேடில்லை. 2023-இல் 19,744 கோடி ரூபாயில் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின்கீழ் இப்பகுதிக்கு ஏதேனும் ஆலை வருமானால், அதன் நீராதாரத்தையும் அன்றாடத் தேவையையும் லிட்டர் கணக்கில் எழுதி, தமிழிலும் மலையாளத்திலும் கிராம சபையில் வைத்த பிறகே உரிமம் வழங்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.