எச்.ஐ.வி. தொற்றுக்கான ஏஆர்டி (கூட்டு மருந்து சிகிச்சை) மையங்களில் சிகிச்சை பெறுவோரின் சூழ்நிலையையும் அந்தரங்கத்தையும் கருதிச் சேவைகளை மாற்றியமைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஏஆர்டி கூட்டு மருந்து சிகிச்சை பெறும் ஒன்பது பேர்
(பெயர், முகவரி, கையொப்பங்கள் இத்துடன் உள்ள ஒட்டிய உறையில்)

பெறுநர்:
திட்ட இயக்குநர் அவர்கள்,
தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம்,
எழும்பூர், சென்னை.

பொருள்: மூன்று மாத மருந்து, தனி ஆலோசனை அறை, குறைகேட்கும் அலுவலர் விவரம் ஆகியவை வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

வணக்கம். நாங்கள் ஒன்பது பேரும் ஒரே ஏஆர்டி மையத்தில் மருந்து வாங்குகிறவர்கள். நாட்டில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986-இல் சென்னையில்தான் கண்டறியப்பட்டது என்பதும், அதற்கெனத் தனிச் சங்கம் 1994-இலேயே இங்கு அமைந்தது என்பதும், 2004 ஏப்ரல் 1 அன்று இலவச ஏஆர்டி தொடங்கிய முதல் மருத்துவமனைகளுள் தாம்பரமும் ஒன்று என்பதும் தாங்கள் அறிந்தவையே. அந்த மருந்தால்தான் நாங்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்து, வேலைக்குப் போய் வந்துகொண்டிருக்கிறோம். எனவே இம்மனு மருந்தைப் பற்றிய புகார் அன்று. மருந்து வாங்கப் போகும் நாளைப் பற்றியது.

முப்பது மாத்திரை கொண்ட ஒரு டப்பாவுக்காக எங்களில் ஒருவர் மாதந்தோறும் காலை 5.40 மணிப் பேருந்தைப் பிடிக்கிறார். பனியன் கம்பெனியில் ஷிப்டுக் கூலிக்குப் போகும் அவருக்கு அன்றைய சம்பளம் கிடையாது. மேஸ்திரியிடம் துக்கம் என்று சொல்லிச் சொல்லி, இனிச் சாகடிக்க உறவினர் யாரும் மீதியில்லை என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். மையத்தில் பெயரை உரக்கக் கூப்பிடுகிறார்கள். ஆலோசகர் அன்பானவர்தான், ஆனால் அவர் மேசைக்கும் வரிசைக்கும் நடுவே ஒரு பீரோ மட்டுமே மறைப்பாக இருப்பதால், கணவரிடம் சொல்லிவிட்டீர்களா என்று அவர் கேட்கும் கேள்வி வரிசையில் நிற்கும் கடைசி ஆள் வரை கேட்கிறது. மருந்து வாங்கித் திரும்பும்போது பேருந்து நிலையக் கழிப்பறையில் டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு, பையில் மாத்திரை குலுங்கிச் சத்தம் கேட்காதபடி அவர் அதனுள் பஞ்சை அடைத்துக்கொள்கிறார்.

கிருமி கட்டுப்பாட்டில் உள்ளவர்களுக்கு ஒரே தடவையில் பல மாத மருந்து தருவது புதிய யோசனையன்று; கொரோனா ஊரடங்கின்போது அவ்வாறு தரப்பட்டது, தேசிய வழிகாட்டு நெறிகளும் அதற்கு இடமளிக்கின்றன. எங்கள் ஒன்பது பேரில் ஏழு பேருக்கு வைரல் லோடு (இரத்தத்தில் உள்ள கிருமியின் அளவு) கட்டுப்பாட்டில் இருந்தும், இருப்பு இல்லை என்று சொல்லி மீண்டும் மாதம் ஒரு டப்பாவே தருகிறார்கள்.

தூரம்தான் சிரமம் என்றால் ஏஆர்டி மையத்தோடு இணைந்து மருந்து தரும் அருகிலுள்ள இணைப்பு மையத்துக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று நல்லெண்ணத்துடன்தான் சொல்கிறார்கள். ஆனால் அங்கே சீட்டு எழுதும் அம்மா எங்களில் இருவருக்கு அடுத்த தெருக்காரர். அதேபோல், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருவதை நாங்கள் மகிழ்ச்சியோடு பார்த்தாலும், எங்களில் பெரும்பாலோர் அதைக் கேட்க மாட்டோம். வாசலில் வந்து நிற்பவர் யார் என்று அக்கம்பக்கம் விசாரிக்கும். ஒருவர் மட்டும், கைம்பெண்ணாகத் தனியே வாழ்பவர், முழங்கால் வலியால் வீட்டுக்கே கொண்டுவந்தால் நல்லது என்கிறார். ஆகவே எல்லோருக்கும் ஒரே ஏற்பாட்டை விதிக்காமல், எங்கே, எந்த நாளில், எத்தனை மாதத்துக்கு வேண்டும் என்று ஒவ்வொருவரையும் கேட்டுப் பதிந்துகொள்ளுமாறு வேண்டுகிறோம்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கால் எலும்பு முறிந்து ஒரு மருத்துவமனையில் சேர்ந்த எங்கள் நண்பரின் கேஸ் ஷீட்டில் நோயின் பெயரைச் சிவப்பு மையில் எழுதி, அதைக் கட்டிலின் கால்மாட்டில் தொங்கவிட்டிருந்தார்கள். அறுவை சிகிச்சை மூன்று முறை தள்ளிப்போனது. பார்க்க வந்த மைத்துனர் அதைப் படித்தார். எலும்பு சேர்ந்துவிட்டது, மைத்துனர் வீட்டுப் போக்குவரத்து இன்றுவரை நின்றே இருக்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 2017, பாகுபாட்டையும் ஒப்புதலின்றி நோய்நிலையை வெளியிடுவதையும் தடைசெய்கிறது. இருபது பேரோ அதற்கு மேலோ உள்ள மருத்துவ நிறுவனம் குறைகேட்கும் அலுவலரை நியமிக்க வேண்டும் என்றும், அவசரச் சிகிச்சை மறுக்கப்பட்டால் மாநிலக் குறைதீர்ப்பாளர் இயன்றவரை 24 மணி நேரத்துக்குள் ஆணையிட வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. அறுவை சிகிச்சை தள்ளிப்போன அந்த நாட்களில் எந்த அலுவலரிடம் போவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. எந்தச் சுவரிலும் அவர் பெயர் எழுதியிருக்கவில்லை.

எனவே, தகுதியுள்ளோருக்கு மூன்று மாத மருந்து தடையின்றிக் கிடைக்கப் போதிய இருப்பை உறுதிசெய்தும், பெயருக்குப் பதில் டோக்கன் எண்ணால் அழைக்கவும் கதவுள்ள அறையில் ஆலோசனை நடத்தவும் ஆணையிட்டும், கூலி வேலைக்குப் போவோருக்காக மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது மையத்தைத் திறந்தும், குறைகேட்கும் அலுவலர், குறைதீர்ப்பாளர் ஆகியோரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எல்லா மருத்துவமனைகளிலும் நோயாளிகள் கண்ணில் படும் இடத்தில் எழுதிவைக்கச் செய்தும் உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

பதில் அனுப்பும்போது உறையின் மேல் தங்கள் சங்கத்தின் பெயரோ முத்திரையோ இல்லாமல் அனுப்பவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
மனுதாரர்கள் ஒன்பது பேர்