என்ஜினை இறக்கும் முன் நம்பரைப் பாருங்கள்: பழைய கார் வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வியாசர்பாடியில் எங்கள் பட்டறைக்கு போரிங் (சிலிண்டரைக் குடைவது), ஃபேசிங் (தளத்தைச் சீவிச் சமமாக்குவது) வேலைக்கு வரும் பழைய என்ஜின்களில் சிலவற்றில் நம்பர் அடித்த இடம் மட்டும் பளபளவென்று இருக்கிறது. தெளிவாகத் தெரியட்டும் என்று யாரோ எமரி ஷீட் போட்டுத் தேய்த்திருப்பார்கள். கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. ஆனால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைப் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது அந்தப் பளபளப்புதான். நம்பரையே மாற்றினார்களோ என்ற கேள்வி அங்கிருந்துதான் கிளம்பும்.

2021 ஜூலையில் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த சொந்த உபயோக வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதியும் வண்டிக்கு 'வி.ஏ.' எழுத்துகள் கொண்ட தனி வரிசை எண் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. வண்டி அசல் வடிவத்திலேயே இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் கூடாது என்பது நிபந்தனை. அதனால் பிளாக்கில் (சிலிண்டர்கள் இருக்கும் என்ஜினின் அடிப்படை வார்ப்பில்) உள்ள நம்பரும் ஆர்.சி.யில் உள்ள நம்பரும் ஒத்துப்போகிறதா என்பதை வேலை தொடங்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் இடம். கையேட்டில் இடது, வலது என்று சொல்வது டிரைவர் சீட்டில் உட்கார்ந்து முன்னால் பார்க்கும் கணக்கு. பானட்டைத் திறந்து எதிரே நின்று தேடுபவர்கள் பக்கம் மாறித் தேடுவது அடிக்கடி நடக்கிறது. 1928 முதல் 1931 வரை வந்த ஃபோர்டு மாடல் ஏ-யில் பிளாக்கின் இடது பக்கம், தண்ணீர் உள்ளே போகும் வாய்க்கு மேலே உள்ள மேடையில் நம்பர் இருக்கும். 'ஏ' எழுத்தில் தொடங்கும், இரு முனையிலும் நட்சத்திரக் குறி உண்டு. அதே நம்பர் ஃபிரேமின் இடது பக்க நீளச் சட்டத்தின் மேல்புறத்திலும் அடித்திருக்கும். பாடி மூடியிருப்பதால் பலர் அதைப் பார்த்ததே இல்லை. ட்ரையம்ஃப் ஹெரால்டிலும் பிளாக்கின் இடது பக்கம்தான். 948 சி.சி.க்கு 'ஜி', 1147 சி.சி.க்கு 'ஜிஏ' என்று தொடங்கும். அந்த வண்டியின் தகட்டில் உள்ள கமிஷன் நம்பரும் (வண்டிக்குத் தொழிற்சாலை கொடுத்த வரிசை எண்) இதுவும் வேறு வேறு வரிசை. இரண்டும் ஒன்றாக இல்லையே என்று பதற வேண்டாம். பழைய செவர்லே ஆறு சிலிண்டரில் வலது பக்கம், டிஸ்ட்ரிபியூட்டருக்கு அருகே பாருங்கள்.

இன்னொரு குழப்பம், வார்ப்பு எண். பிளாக்கோடு சேர்ந்து புடைத்து நிற்கும் பெரிய எண்கள் வார்ப்படத்தின் எண்கள். ஒரே அச்சில் வந்த ஆயிரக்கணக்கான பிளாக்குகளுக்கும் அது ஒன்றுதான். என்ஜின் நம்பர் பஞ்ச் வைத்து அடித்தது, உள்ளே பள்ளமாக இருக்கும். விரல் நகத்தால் தடவினாலே வித்தியாசம் தெரியும். வார்ப்பு எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிட்டு 'நம்பர் சேரலை' என்று வருகிறவர்கள் உண்டு.

இனி, தேய்க்காமல் படிக்கும் முறை. கை வைக்கும் முன் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். மண்ணெண்ணெய் தோய்த்த துணியை நம்பர் மேல் 20 நிமிடம் போட்டு வையுங்கள். பிறகு பழைய டூத் பிரஷ், அதற்கும் அசையாவிட்டால் பித்தளை பிரஷ். இரும்பு வயர் பிரஷ், கிரைண்டர், மணல் பிளாஸ்டிங் மூன்றும் வேண்டாம். பெயிண்ட் பல கோட் ஏறியிருந்தால் பெயிண்ட் ரிமூவர் தடவி, ஊறியதை மூங்கில் சிம்பால் வழித்தெடுங்கள். ராயபுரம், காசிமேடு பக்கம் நிற்கும் வண்டிகளில் உப்புக் காற்றால் பெயிண்டுக்கு அடியிலேயே துரு பிடித்திருக்கும். அதற்கு ஒரு ராத்திரி எண்ணெய் போட்டு ஊறவிடுங்கள். துரு நீக்கும் ஆசிட்டை ஊற்றினால் எழுத்தின் ஓரத்தையும் சேர்த்து அரித்துவிடும்.

காய்ந்ததும் பள்ளிக்கூடச் சாக்பீஸைப் படுக்க வைத்துத் தேய்த்து, மேலே ஒட்டியதைத் துணியால் லேசாகத் துடையுங்கள். பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள். வெளிச்சம் வரும் திசையிலேயே ஓடும் கோடு நிழல் விழாமல் மறைந்துவிடும். 8 மூன்றாகவும், 6 ஐந்தாகவும் தெரிவது இப்படித்தான். ஆகவே நாலு பக்கமிருந்தும் வெளிச்சம் அடித்து நாலு போட்டோ எடுங்கள். கடைசியாக மெல்லிய டிரேசிங் தாளை செல்லோ டேப்பால் ஒட்டி, 2பி பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து ஒரு பிரிண்ட் எடுத்து வையுங்கள்.

நம்பர் அசல்தானா என்று கேட்கிறீர்கள். எழுத்துகள் கோணலாக, ஆழம் கூடக்குறைய இருந்தால் போலி என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு எழுத்தாகச் சுத்தியலால் அடித்த காலம் அது. எழுத்தைவிட அது நிற்கும் தளத்தைப் பார்ப்பதே எங்கள் வழக்கம். ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பைக் குறுக்கே நிறுத்திப் பின்னால் டார்ச் அடியுங்கள். நடுவில் மட்டும் வெளிச்சம் கசிந்தால் அங்கே கிரைண்டர் போயிருக்கிறது. தொழிற்சாலையில் மெஷின் சீவிய கோடுகள் சுற்றிலும் இருந்து, நம்பர் உள்ள இடத்தில் மட்டும் இல்லாவிட்டாலும் அதே சந்தேகம்தான். அழிந்த நம்பரை ரசாயனம் கொண்டு மீட்பது தடய அறிவியல் ஆய்வகத்தின் வேலை. பஞ்ச் அடித்தபோது அடியில் நசுங்கிய உலோகம் வேறு விதமாகக் கரைவதால் அது முடிகிறது. நீங்களே முயன்றால் அந்தத் தடயமும் போய்விடும்.

தகட்டில் நம்பர் உள்ள என்ஜின்களுக்குத் தனி எச்சரிக்கை. பிரிட்டனில் தயாரான பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி சீரிஸ் வகையில் பிளாக்கின் வலது பக்கம் சிறு தகடு இருக்கும். அது அலுமினியமாக இருந்தால் பிளாக்கின் அழுக்கைப் போக்கும் காஸ்டிக் சோடா தொட்டியில் கரைந்தே போய்விடும். அதனால் தகட்டைக் கழற்றாமல் நாங்கள் பிளாக்கைத் தொட்டியில் இறக்குவதில்லை. தகட்டைப் பிடித்திருப்பது நடுவே துளையுள்ள பாப் ரிவெட் என்று தெரிந்தால், பிற்பாடு யாரோ கழற்றி மாட்டியது என்று அர்த்தம்.

ஒரு காலத்தில் பெட்ரோல் செலவுக்குப் பயந்து, நம் செம்பியத்தில் சிம்ப்சன் தயாரித்த பெர்கின்ஸ் போன்ற டீசல் என்ஜின்களைப் பெரிய கார்களில் பலர் மாட்டினார்கள். அப்படி மாறியது ஆர்.சி.யில் ஏறியிருந்தால் சிக்கல் குறைவு. இப்போது என்ஜின் மாற்றுவதானால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். வாங்கிய பில்லைத் தொலைக்காதீர்கள். 'பழைய நம்பரையே புது பிளாக்கில் அடிச்சுக் கொடுங்க' என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில், எவ்வளவு கொடுத்தாலும், முடியாது என்பதுதான்.

என்ஜினை அனுப்பும்போது ஆர்.சி. நகல், நாலு போட்டோ, பென்சில் பிரிண்ட் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். உங்கள் எதிரிலேயே நம்பரைப் படித்து ஜாப் கார்டில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட பிறகே பிளாக் மெஷினில் ஏறும். நம்பர் மேடை, சிலிண்டர் ஹெட் உட்காரும் தளத்தோடு ஒரே மட்டத்தில் இருக்கும் சில அமெரிக்க வி8 வகைகளில் ஃபேசிங் போட்டால் நம்பரும் சேர்ந்து போய்விடும். அவற்றில் எவ்வளவு சீவி எடுப்பது என்று உங்களிடம் கேட்காமல் தொடமாட்டோம்.

இப்படிக்கு,
பட்டறை நிர்வாகம்,
வியாசர்பாடி, சென்னை